சிற்றாற்றில் ஒதுங்கியவர்

என் தாத்தாவின் படத்தைத் திரையில் காட்டியபோது கூட்டம் சற்று நேரம்தான் அதைப் பார்த்தது. பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் மாதந்தோறும் நடக்கும் பேச்சுக் கூட்டம் அது. கல்லூரியில் தமிழ் நடத்தும் கோமதி அதை ஒருங்கிணைக்கிறார். ஊரைவிட்டுப் போனவர்களின் கதையை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை வைத்தே சொல்லச் சொல்வது அவர் வழக்கம். நான் மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தோட்டத்துக்கு வந்த பாட்டன்மார் கதைகளைக் கோயில் மண்டபங்களிலும் நூலகங்களிலும் பேசிவருகிறேன். அப்படி ஒரு பேச்சைக் கைப்பேசியில் கேட்டுவிட்டுத்தான் கோமதி கூப்பிட்டார். "உங்க தாத்தா எங்க ஊர்க்காரரு மேடம். இங்கன வந்து சொன்னாத்தான அது முழுசாகும்" என்றார்.

தாத்தா பெயர் சங்கரபாண்டி. யுத்தத்துக்கு முன்னால் தனியாளாகக் கப்பலேறி வந்தவர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். ஜப்பான்காரன் காலத்தில் பட்டினி கிடந்து பிழைத்தார். கல்யாணம் செய்தார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் எங்களையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். ஊரைப் பற்றிக் கேட்டால் "மேலகரம், பக்கத்துல ஆறு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சொந்தக்காரர்கள் என்று கேட்டால் "யாரும் இல்ல" என்பார். அவர் கதையை எத்தனையோ மேடைகளில் சொல்லிவிட்டேன். மனப்பாடம்.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைத்த முடி. மூக்குக்கு மேலே சேர்ந்துகொள்ளும் புருவம். இடது இமை மட்டும் தூக்கத்தில் இருப்பதுபோல் சற்றுத் தாழ்ந்திருந்தது. திரையில் இருந்த இமையும் அப்படித்தான் தாழ்ந்திருந்தது.

"இவரு எப்பம் செத்தாருன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

நான் மறுபடி சொன்னேன்.

"அது எப்படிங்க? இவரு கலியாணம் ஆகும் முன்னயே செத்துப்போயிட்டாருல்லா. அருவித் தண்ணி அடிச்சிட்டுப் போயி, சித்தாத்துல ஒதுங்கினாரு. எங்க தாத்தா கையாலதான் பொதைச்சது. வருசா வருசம் நாங்க இவரைச் சாமியாக் கும்பிட்டுக் கொடை குடுக்கோம்."

முன்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். சன்னல் வழியாக வந்த காற்று திரையை உப்பவைத்தது. தாத்தாவின் கன்னம் புடைத்து அடங்கியது.

கூட்டம் முடிந்து கீழே டீ குடிக்கும்போதுதான் அவர் யாரென்று தெரிந்தது. பெயர் ஆறுமுகம். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் எல்லோருக்கும் ஏட்டையா. அவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள். அண்ணன் தம்பிக்குள் ஏதோ சண்டை. தம்பியான என் தாத்தா கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். அருவியில் வெள்ளம் வந்த நாள் அது. சில நாள் கழித்து ஆற்றில் ஓர் ஆண் பிணம் கிடைத்திருக்கிறது. பாறையில் அடிபட்டு முகம் இல்லை. வயதும் உயரமும் ஒத்துப்போயின. அழுதுகொண்டே புதைத்துவிட்டார்கள்.

"தங்கச்சி முறை வேணும் நீ எனக்கு" என்றார் ஆறுமுகம், என் முகத்தைப் பார்க்காமல். "வெள்ளிக்கிழம கொடை. நாளைக்கே வீட்டுக்கு வா. மதினிய வந்து பாரு."

மறுநாள் காலை மேலகரத்துக்குப் பேருந்து ஏறினேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிற ஊர், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நான் கண்ணைத் திறந்தபடியே இருந்தேன். ஊர் வரவில்லை. இருபுறமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. டிக்கெட் கொடுக்க வந்த நடத்துனரிடம் கேட்டேன்.

"மேலகரமா? நீங்க குத்தால பஸ்ஸுல ஏறியிருக்கணும்லா! இது சுரண்டைக்குப் போவுது."

பக்கத்தில் முருங்கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த பெண், "ஏறும்போதே கேக்கப்பிடாதாக்கும், பாவம், வெளியூர் ஆச்சி" என்று அவரைத் திட்டிவிட்டு, எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். சுரண்டையில் இறங்கி, சந்தைக் கூட்டத்தில் இடிபட்டு, வந்த வழியே திரும்பினேன். எங்கள் ஊரில் பேருந்து தவறினால் அடுத்தது வரும்வரை ஒருவரும் பேசமாட்டார்கள். இங்கே திரும்பி வருவதற்குள் என் குடும்ப விவரம் பாதிப் பேருந்துக்குத் தெரிந்துவிட்டது.

ஆறுமுகத்தின் மனைவி பேச்சியம்மாள் வாசலிலேயே நின்றாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். என்னைப் பார்த்ததும் உள்ளே வா என்று சொல்லாமல் என் கால் தரையில் பாவுகிறதா என்று பார்த்தாள். பிறகுதான் "வாங்க" என்றாள். புளிக்குழம்பும் அவியலும் பொரித்த அப்பளமும் வைத்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுமுகம் வயலுக்குக் கூட்டிப்போனார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் சுண்ணாம்பு அடித்த பீடம். இடுப்புயரம் இருக்கும். புதிதாக வெள்ளையடித்து மஞ்சள் பூசியிருந்தார்கள். பீடத்தின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'சங்கரபாண்டி சாமி' என்று எழுதியிருந்தது.

தைப்பிங்கில் மழை ஓயாத ஒரு மத்தியானத்தில் நாங்கள் எரித்த மனிதரின் பெயர் அது. சாம்பலை நான் கண்ணால் பார்த்தவள்.

"பொதைச்ச மறுவருசமே மாடு சாவுது, வயல் தீயுது. குறி கேட்டா, அகாலத்துல போனவனுக்கு எடம் குடுன்னு வந்துச்சு. அன்னையிலேருந்து இங்கனதான் இருக்காரு. மொதல்ல எங்க ஆச்சி மேல வந்தாரு. பொறவு எங்கம்மா. இப்பம் பேச்சி மேல வாராரு" என்றார் ஆறுமுகம். "எம் மக கலியாணம், பேரன் பொறந்தது, எல்லாம் அவரு வாக்குச் சொன்னபடிதான் நடந்துச்சு."

நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருடைய ஆச்சி மேல் சாமி வந்த காலத்தில், என் தாத்தா தோட்டத்தில் பால்வாளி தூக்கிக்கொண்டிருந்தார். அம்மா மேல் வந்த காலத்தில் எனக்கு மிதிவண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் பேச்சியம்மாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"ஒங்க தாத்தாவுக்குக் கப்பை பிடிக்குமா?"

கப்பை என்றால் இங்கே மரவள்ளிக்கிழங்கு, செங்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. நான் சிரித்துவிட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் வருடக்கணக்காக அதை மட்டுமே தின்றவர் தாத்தா. அதன் பிறகு அந்தக் கிழங்கை வீட்டு வாசல்படி ஏற விடமாட்டார். ஒருமுறை அம்மா வாங்கி வந்தபோது கூடையோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டினார்.

பேச்சியம்மாள் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தாள்.

"கொடை அன்னைக்கு எம்மேல வர்றவரு கப்பையும் மீனும்தான் கேப்பாரு. இந்த வீட்டுல அதெல்லாம் வாங்குறதே கெடையாது. செங்கோட்டைக்கு ஆள் அனுப்பி வாங்கியாருவாவ. கலியாணம் ஆகி வந்த புதுசுலயே சொன்னேன், அத்தே, இது இந்த வீட்டு ஆளு மாதிரி இல்லையேன்னு. வாயை மூடுட்டின்னுட்டாவ." என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் தண்ணீரில் ஊறியவை போல் சில்லென்று இருந்தன. "சொல்லு வசந்தா. அப்பம் எம்மேல வர்றது யாரு?"

மண்டபத்தில் ஆறுமுகத்தின் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்குள்ளும் ஒரு கேள்வி இருந்தது. தாத்தா ஏன் ஒரு சேதிகூட அனுப்பவில்லை என்பதுதான் அது. அவர் உயிரோடு இருக்கும் சேதி வந்திருந்தால் அந்தப் பிணத்துக்கு யாராவது வேறு வீட்டைத் தேடியிருப்பார்கள்.

வியாழக்கிழமை ஆறுமுகம் அருவியைக் காட்டக் கூட்டிப்போனார். ஆட்டோ பாதி வழியில் புகைவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "மழைக்கு வயிறு சரியில்ல அண்ணாச்சி" என்றார். மீதி வழியைச் சாரலில் நனைந்துகொண்டே நடந்தோம். கடைகளில் ரம்புட்டான், மங்குஸ்தான், ஒரு மூலையில் துரியான்கூட இருந்தது. கடல் கடந்து வந்து எங்கள் ஊர்ப் பழத்தை எங்கள் ஊரைவிடப் பல மடங்கு விலைக்கு வாங்கித் தின்றேன். இனிப்பு குறைவு. அதை ஆறுமுகத்திடம் சொல்லவில்லை.

பேரருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. கயிறு கட்டிப் போலீஸ்காரர்கள் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள் பளபளக்கும் முதுகோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. பேசினாலும் கேட்காது. தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. அந்த இரைச்சலுக்குள் நிறையப் பேர் ஒரே சமயத்தில் ஏதோ சொல்வதுபோல இருந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

"சர்வீஸ்ல இங்கன நெறைய சீசன் பந்தோபஸ்து பாத்திருக்கேன்" என்று என் காதருகே கத்தினார் ஆறுமுகம். "ஆளு அடையாளம் தெரியாத பொணம் எத்தனையோ தூக்கியிருக்கேன்."

சற்றுத் தள்ளி வந்து ஒரு கடை மறைவில் நின்றபோது நான் கிழங்கு விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மாள் பெயரைச் சொல்லவில்லை. தாத்தாவின் வெறுப்பை மட்டும் சொன்னேன்.

அவர் முகம் இறுகியது. தாழ்ந்த இமை துடித்தது. "நீ வந்து நாலு நாளு ஆகல. நாங்க தலமுறையா கும்பிடுதோம். போலீஸ்காரன்கிட்டயே விசாரணையா? சாமியப் போயி அடையாளம் தெரியாத பொணம்னு சொல்லச் சொல்லுதியா?"

நனைந்த சட்டையோடு முன்னால் நடந்துவிட்டார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. கொடைக்குப் போவதா, ஊருக்குத் திரும்புவதா என்று விடுதி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். கோமதிக்குக் கைப்பேசியில் நடந்ததைச் சொன்னேன். "போங்க மேடம்" என்றார் அவர். "போகலைன்னா நீங்க சொன்னதும் பாதியில நிக்கும், அவுங்க சொல்லுததும் பாதியில நிக்கும்."

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் கொடை. வேப்பமரத்தடியில் பந்தல். நூறு பேர் இருக்கலாம், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் எனக்கு உறவு. ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை அழைத்திருந்தார்கள். வில்லின் நடுவில் உட்கார்ந்து ஒரு நடுத்தர வயதுப் பெண், சங்கரபாண்டியின் பிறப்பைப் பாடினாள், வளர்ந்ததைப் பாடினாள், அண்ணனோடு சண்டையிட்டு இலையைத் தள்ளிவிட்டு எழுந்ததைப் பாடினாள். நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன். என்னைவிட நன்றாகச் செய்தாள். எனக்குத் தெரியாத தாத்தாவின் இளவயது அந்த வில்லில் இருந்தது. கேட்கக் கேட்க இனித்தது. பிறகு அவர் அருவிக்குப் போனார். பாறையில் கால் வைத்தார். மணிகள் வேகமெடுத்தன. சுற்றியிருந்த பெண்கள் அழுதார்கள். தைப்பிங் மயானத்தில் கல்லாக நின்ற எனக்கும் கண்ணில் நீர் வந்தது. சாகாதவர் சாவதைப் பார்த்து அழுதேன்.

அப்போது பேச்சியம்மாள் கூட்டத்துக்குள் எழுந்தாள். குலுங்கவில்லை, ஆடவில்லை. குளிரில் நிற்பவளைப்போல் இரண்டு கைகளாலும் தன்னைக் கட்டிக்கொண்டு, பற்கள் கிட்ட, பீடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். வில்லும் மேளமும் நின்றன. எல்லோரும் கும்பிட்டார்கள். அவள் நேராக என்னைப் பார்த்தாள். கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளம் இல்லை.

"ஊர் ஊராப் போயி எல்லாரு கதையும் சொல்லுதியே." குரல் அவளுடையதுதான், ஆனால் அடித்தொண்டையில் இருந்து வந்தது. "எங் கதையச் சொல்லு."

நான் ஆறுமுகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னா, எல்லாருக்கும் கேக்கும்படியா தெரியாதுன்னு சொல்லு."

எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். தெரியாது என்று ஒரு மேடையிலும் சொன்னதில்லை. கைகூப்பிச் சொன்னேன். "எங்க தாத்தா சங்கரபாண்டி மலேசியாவில் வயசாகிப் படுக்கையில் இறந்தார். நீங்கள் அவரில்லை. நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பேரை உங்கள் மேல் போட்டுவிட்டோம்."

பேச்சியம்மாள் தலையை மெல்ல ஆட்டினாள். பிறகு படையலுக்கு முன் உட்கார்ந்து, கப்பையைப் பிட்டு மீனோடு சேர்த்து, வெகுநேரம் பசித்தவர் சாப்பிடுவதுபோல் நிதானமாகச் சாப்பிட்டாள். ஒருவரும் வாக்குக் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து பந்தல் காலியானபோது ஆறுமுகம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். "ஒரு பொணம் கெடைச்சா சுத்துப்பட்டுல யாரைக் காணும்னு விசாரிப்போம். அதுதான் மொத வேல" என்றார். "எங்க தாத்தா விசாரிக்கலை. தம்பிய அடிச்சு வெரட்டினவரு. பொணம் கெடைச்சதும் அவருக்கு அது தம்பியாத்தான் தெரிஞ்சிருக்கும்." பீடத்தைத் திரும்பிப் பார்த்து, "இப்பமாவது விசாரிக்கணும்லா" என்றார்.

செங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு இன்னொரு பேச்சு. கோமதி ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தது. தாத்தாவின் படத்தைக் காட்டவில்லை. ஆற்றில் கிடைத்தவரைப் பற்றிப் பேசினேன். என்னிடம் இருந்தது கொஞ்சம்தான்: அருவியில் வெள்ளம் வந்த நாளில் போனவர், இளவயது ஆண், கப்பையும் மீனும் பிடிக்கும், குளிர் தாங்காது. பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. "உங்கள் வீட்டில் இப்படி யாராவது திரும்பாமல் இருக்கிறார்களா?" என்று கேட்டு உட்கார்ந்தேன்.

யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எழுந்து வந்தார்கள். சித்தப்பா, பெரிய மாமா, ஆச்சியின் தம்பி. சீசனுக்குப் போனவர், மாடு வாங்கப் போனவர், கோபித்துக்கொண்டு போனவர். மண்டபத்தின் வாசல்வரை வரிசை நின்றது. இந்தச் சின்ன ஊரைச் சுற்றி இத்தனை பேர் காணாமல் போயிருக்கிறார்கள். ஆறுமுகம் பழைய ஏட்டையாவாக மாறி ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, "ஆளு எப்படி இருப்பாரு? எப்பம் போனாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில், வரும் வழியில் வாங்கிய மல்லிகையைத் தொடுத்தபடி இருந்தாள். கூட்டத்தில் எதையும் அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கேரள எல்லையில் இருக்கும் புளியரையிலிருந்து வந்த ஒரு பெரியவரின் முறை வந்தது. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். "எங்க அச்சனோட ஜேஷ்டன், மூத்தவரு. அருவிக்கரையில எண்ணெ தேச்சு விடுற பணிக்குப் போனவரு. நான் பொறக்கும் முன்னே. எங்க பாட்டி சாகுற வரைக்கும் வாசல்ல நின்னு கூப்பிடும்."

"பேரு என்ன?" என்றார் ஆறுமுகம்.

"கேசவன். வீட்டுல கேசுன்னு விளிக்கும்."

"எந்தா?" என்றாள் பேச்சியம்மாள்.

பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிட்டால் வேலையை விடாமல் 'என்ன?' என்று கேட்பார்களே, அப்படித்தான் கேட்டாள். தான் பேசியதே அவளுக்குத் தெரியவில்லை. மேலகரத்தில் பிறந்து மேலகரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள், மலையாளம் ஒரு வார்த்தை தெரியாதவள். ஆறுமுகத்தின் கை மயிர் சிலிர்த்து நிற்பதை நான் பார்த்தேன். பெரியவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அழுதார்.

மறுநாள் நான் புறப்பட்டுவிட்டேன். ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்தப் பீடத்தின் நெற்றியில் இருந்த பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் எழுதியதையும், இந்த வருடக் கொடைக்குப் புளியரையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்ததையும், கப்பையும் மீனும் அவர்களே சமைத்துக் கொண்டுவந்ததையும் ஆறுமுகம் தொலைபேசியில் சொன்னார். பீடத்தில் பிடிமண் எடுத்துப் போயிருக்கிறார்கள், தங்கள் ஊரில் வைத்துக் கும்பிட.

பிறகு பேச்சியம்மாள் பேசினாள்.

"இந்த வருசம் எம்மேல யாரும் வரலை வசந்தா. மேளம் அடிச்சாவ, வில்லு அடிச்சாவ. நானும் உச்சி சாயுற வரைக்கும் நின்னேன். போயிட்டாரு."

"நல்லதுதானே மதினி" என்றேன்.

தொலைபேசியில் மழைச் சத்தம் கேட்டது. அவள் ஊர் மழையா, என் ஊர் மழையா என்று தெரியவில்லை.

"தோளு ரெண்டும் லேசா இருக்கு" என்றாள். "அது நல்லாவே இல்ல, பாத்துக்கோ."